சொட்டுக்குள்ளே முருகன்

ஜூலை 2

இந்த டைரியை ராஜகனிதான் வேலை பார்க்கிற இடத்தில் இருந்து கொண்டுவந்து கொடுத்தாள். சிவகாசியில் டைரிக்குப் பஞ்சமில்லை. "மனசுல உள்ளத இதுல எழுதுங்க மதினி. தினமும் என் காதைத் தின்னாதீக" என்றாள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். "எழுத்து முத்து முத்தா இருக்கு, வாயிலருந்து வர்றதுதான் கல்லு கல்லா இருக்கு" என்று அவர் சொல்வார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் பால்பாண்டி. பாண்டி போட்டோஸ் என்று ஸ்டூடியோ வைத்திருந்தார். வைகாசியில் போய்விட்டார். ராஜகனி அவருடைய தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்டவள். கேலண்டர் தலைப்பில் தொங்கவிடுகிற தகரப் பட்டை அடிக்கிற வேலை.

இன்று தனுஷ்கோடி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். ராஜகனியின் முதலாளி, கேலண்டர் அச்சகக்காரர். துக்கம் கேட்க முன்பே வந்துபோனார். இன்றைக்கு வந்தது ஆல்பம் விஷயமாக. ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருசக் கேலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியே விடுவார்கள். ஊர் ஊராக இருந்து வரும் ஏஜெண்டுகள் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். அதில் ஒரு பக்கம் அவருக்கு என்று அண்ணாச்சி ஒதுக்கியிருந்தார். ஒரு தண்ணீர்ச் சொட்டு, அதற்குள் முருகன் தெரிய வேண்டும். கீழே சின்ன எழுத்தில் 'படம்: பால்பாண்டி' என்று வரும்.

இதற்காக அவர் அண்ணாச்சி பின்னால் எத்தனை வருசம் அலைந்தார். வெறும் சொட்டை எடுத்துக்கொண்டு போவார். "வெறும் தண்ணிய எவன்யா சுவத்துல மாட்டுவான். ஓதம் அடிச்சிருக்குன்னு நெனைப்பான்" என்று அண்ணாச்சி திருப்பி அனுப்புவார். போன தை மாதம்தான், சாமி தெரிந்தால் போடுகிறேன் என்று இறங்கி வந்தார். கல்யாண சீசன் முடியட்டும், எடுத்துவிடுகிறேன் என்று இவர் சொன்னார். சீசன் முடிந்தது.

"அந்தப் பக்கத்துக்கு ஒரு கொழந்தை படத்தப் போட்டுக்கிறேம்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார் அண்ணாச்சி.

"படம் இருக்கு அண்ணாச்சி. எடுத்து வச்சிட்டுத்தான் போனாக" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. காபி டம்ளரை நீட்டுகிற மாதிரி அதையும் நீட்டிவிட்டேன்.

"இருக்கா? அப்பச் சரி. ஆடி பத்துக்குள்ள குடு" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ராஜகனி வாசலைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "எந்தப் படம் மதினி?"

"எடுக்கப்போற படம்."

"யாரு?"

"நீயும் நானும்."

"போன பொங்கலுக்கு உங்க செல்லுல என்னைய எடுத்தீக. அதுல கரும்புதான் இருந்துச்சு. நான் இல்ல" என்றாள்.

ஜூலை 4

ஸ்டூடியோவைத் திறந்தேன். பல்லி ஓடியது. கூட்டினேன். மூடிவிட்டு வந்தேன்.

ஜூலை 6

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் அவருக்கு லைட் பிடிப்பது நான்தான். குடை லைட்டைத் தூக்கிக்கொண்டு மணமேடையில் அலைந்து கழுத்தெலும்பு தேய்ந்தவள். பாஸ்போர்ட் போட்டோ பிரிண்ட் போட்டு வெட்டிக் கொடுப்பேன். ஆனால் கேமராவை அவர் தரமாட்டார். நானும் கேட்டதில்லை.

சொட்டு எடுப்பது எப்படி என்று அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. ஆனால் ராஜகனியும் நானும் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தெரிந்தது. அவர் என்னவெல்லாம் செய்தார் என்பது நினைவில்லை. அதற்கு நான் என்னவெல்லாம் திட்டினேன் என்பது ஒன்று விடாமல் நினைவிருக்கிறது.

ஃபேன் ஓடாத அறையில் நிற்க வைத்து என்னை வேர்வையில் குளிக்க வைத்ததற்குத் திட்டினேன். அப்படியென்றால் காற்று ஆகாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குடிக்க வைத்திருந்தேன், அதைத் தூக்கிக்கொண்டு போனதற்குத் திட்டினேன். அப்படியென்றால் பச்சைத் தண்ணீரில் குமிழி வரும். உதட்டுக்குப் போட வாங்கி வைத்த கிளிசரினைத் தண்ணீரில் ஊற்றியதற்குத் திட்டினேன். அது ஊற்றினால் சொட்டு கெட்டியாக, சட்டென்று விழாமல் நிற்கும் போலிருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் திட்டியிருந்தா முழுப் பாடமும் கெடைச்சிருக்கும்" என்றாள் ராஜகனி.

"நீ என்னமோ திட்டாத மாதிரி."

"நான் தங்கச்சி. எனக்குப் பாதிதான் பாத்தியதை."

லென்சைப் பற்றியும் ஞாபகம் வந்தது. பெரிதாகக் காட்டுகிற லென்ஸ் வாங்க அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய லென்ஸ் ஒன்றை முன்பக்கம் பின்னால் வருமாறு திருப்பி, ஒரு வளையம் போட்டு மாட்டுவார். "சட்டையத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு" என்று நான் கேலி செய்தேன். "அதுக்குத்தான் எறும்பு யானையாத் தெரியும்" என்றார். இன்று அதே மாதிரி மாட்டினோம். ராஜகனியின் வளையலைப் பார்த்தோம். தேர்ச்சக்கரம் மாதிரி தெரிந்தது.

ஜூலை 7

முதல் நாள் வேலை. தட்டில் தண்ணீர் வைத்து, மேலே இருந்து ராஜகனி கரண்டியால் சொட்டு விட, நான் அழுத்தினேன். சொட்டு விழுவதற்கு முன்னால் ஒரு படம். விழுந்த பின்னால் ஒரு படம். சொட்டு ஒன்றில்கூட இல்லை. தட்டை மட்டும் விதவிதமாக எடுத்திருக்கிறேன். பாத்திரக்கடை கேலண்டர் என்றால் இன்றைக்கே கொடுத்திருக்கலாம்.

ஜூலை 8

மாவாட்டினேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 10

இன்று சொட்டு அகப்பட்டது. ஆனால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று ஃபிளாஷை முழுசாக ஏற்றினேன். கல்யாண வீட்டில் அப்படித்தான். படம் சரியில்லை என்றால் ஏற்று, இன்னும் சரியில்லை என்றால் இன்னும் ஏற்று. இன்றைக்கு ஏற்ற ஏற்ற நூல் நீண்டது. கடைசியில் பாயசத்துச் சேமியா மாதிரி ஆனது.

ராஜகனி கரண்டியைக் கீழே வைத்தாள். "மதினி, பேட்டரிய இப்படிக் காலி பண்ணினா நாளைக்கு அதுவும் போயிரும். கொறைச்சு வச்சாவது மிச்சம் புடிப்போம்."

கஞ்சத்தனத்துக்காகத்தான் குறைத்தோம். ஆகக் குறைந்த அளவில் வைத்து, ஃபிளாஷைச் சொட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து எடுத்தபோது சொட்டு உருண்டையாக, கோலிக்குண்டு மாதிரி அந்தரத்தில் நின்றது. ஃபிளாஷ் கூடக்கூட வெளிச்சம் அதிக நேரம் நின்று எரிகிறது போல. அந்த நேரத்துக்குள் சொட்டு நகர்ந்துவிடுகிறது. குறைத்தால் சட்டென்று கண்ணடித்துவிட்டு அணைகிறது. சொட்டுக்கு நகர நேரம் இல்லை.

இரண்டு பேரும் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தோம். சொட்டுக்குள் எங்கள் ஸ்டூடியோ ட்யூப்லைட் தெரிந்தது. முருகன்தான் பாக்கி.

ஜூலை 11

அடுப்பில் பாலை மறந்துவிட்டேன். பொங்கி வடிந்தது. "பால் தீஞ்ச வாசம் ஸ்டூடியோ வரைக்கும் வருதுடி" என்று அவர் குரல் கேட்கும் என்று ஒரு நிமிசம் காத்திருந்தேன். அடுப்பைத் துடைத்தேன்.

ஜூலை 13

விழுகிற சொட்டுக்குள் முருகனைக் கொண்டுவருவது எங்களால் ஆகாது. தொங்குகிற சொட்டுதான் சரி. அதற்குக் கரண்டி உதவாது. அவர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற ட்யூபைத்தான் வைத்திருந்தார். நோய்க்கு முன்பே மெடிக்கலில் வாங்கியது. அதில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. உருட்டினால் சொட்டு வேகமாகும், மெதுவாகும், நிற்கும்.

ராஜகனி அலமாரியில் இருந்து அதை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவளால் சக்கரத்தைப் பிடிக்க முடியவில்லை. ஒன்று ஓடியது, இல்லாவிட்டால் அடைத்தது. நான் வாங்கி ஒரே உருட்டில் நிறுத்தினேன். ஊசி முனையில் ஒரு சொட்டு வந்து, பெரிதாகி, விழாமல் நின்றது.

"அம்புட்டுச் சுளுவா வருதே உங்களுக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் படுத்தபடி பார்ப்பார். "நம்ம வீட்ல ஒரு சொட்ட நிப்பாட்ட நான் படாதபாடு படுறேன். இங்க பாரு, நர்சம்மா ஒரு விரல்ல நிப்பாட்டுறாக. அவுகள அசிஸ்டெண்டாப் போட்டிருக்கணும், உன்னையப் போட்டு ஏமாந்துட்டேன்" என்றார். நான் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் இன்று எழுதவில்லை. கை வலி.

ஜூலை 17

சொட்டுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி முருகன் படத்தை மாட்டினோம். ராஜகனி அச்சகக் கழிவில் இருந்து கொண்டுவந்த படம். வள்ளி தெய்வானை இல்லாமல் வேலோடு ஒண்டியாக நிற்கிற முருகன். ஃபிளாஷைச் சொட்டின் மேல் காட்டாமல் முருகன் மேல் காட்டினேன். லைட் எங்கே காட்ட வேண்டும் என்பது மட்டும் என் கைக்கே தெரியும்.

லென்சில் ஒரு வளையம் இருக்கிறது, எண்கள் போட்டு. அதைப் பதினாறில் வைக்க வேண்டும். அப்போதுதான் சொட்டின் விளிம்பும் உள்ளே இருப்பதும் சேர்ந்து துலக்கமாக வரும். இது மறக்காது. "பதினாறும் பெத்து வாழுங்கன்னு கல்யாணத்துல அம்புட்டுப் பேரும் வாழ்த்துனாக. நமக்கு லென்சுல மட்டும்தான் கெடைச்சுது" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய.

எடுத்தோம். மசமசவென்றுதான் வந்தது. ஆனால் சொட்டுக்குள் முருகன் இருந்தார். ராஜகனி எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"மதினி. சாமி தலைகீழாத் தொங்குறாரு."

ஆமாம். கால் மேலே, கிரீடம் கீழே. சொட்டு எதையும் கவிழ்த்துத்தான் காட்டும் போல. ட்யூப்லைட் என்பதால் முன்பு தெரியவில்லை. அதற்குத் தலை ஏது, கால் ஏது.

"சுவத்துல இருக்கிற படத்தத் தலைகீழா மாட்டிட்டா சொட்டுக்குள்ள நேரா வந்துருவாரு" என்றேன்.

ராஜகனி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஒரு நாளைக்கு எத்தனையோ முருகனுக்குத் தகரம் அடிக்கிறவள் அவள். அடிக்கிற ஒவ்வொன்றையும் நேராகப் பிடித்துத்தான் அடிப்பாள். கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "அண்ணன் செத்து இன்னும் மூணு மாசம்கூட ஆகல. சாமியக் கால்மாடா மாட்டச் சொல்றீகளா" என்றாள்.

"படம்தானே."

"அப்ப அண்ணன் படத்தத் தலைகீழா மாட்டுவோமா? படம்தானே."

பேச்சு அதோடு நின்றது. சோறு தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 18

ராஜகனி பேசவில்லை. ஆனால் குழம்பு வைத்திருந்தாள். உப்பு சரியாக இருந்தது. கோபம் குறைவுதான்.

ஜூலை 19

"நானும் மாட்டமாட்டேன்" என்று அவளிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நேற்று அவள் வேலைக்குப் போன பிறகு மாட்டிப் பார்க்கத்தான் போனேன். கை வரவில்லை. முருகனுக்குப் பயந்து இல்லை. ராஜகனிக்குப் பயந்து.

"பின்ன என்ன செய்ய?" என்றாள்.

"மொதல்ல மசமசப்பு போகட்டும். தலையப் பெறகு பாப்போம்."

ஜூலை 20

மசமசப்பு ஏன் என்று இன்று தெரிந்தது. ஊசி முனையைக் குறி வைத்து மேஜையை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. அலுத்துப்போய் மேஜையில் டம்ளர் தண்ணீரை வைத்தேன். தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம். பக்கத்துக் கட்டடம் அச்சகம். ஒரே சுவர். மிசின் ஓடும்போதெல்லாம் எங்கள் மேஜை நடுங்குகிறது. சாதாரணமாகத் தெரியாது. லென்சைத் திருப்பி மாட்டினால் எறும்பு யானை ஆவது போல நடுக்கமும் பூகம்பம் ஆகிறது. சொட்டு துலக்கமான இடத்தை விட்டு முன்னும் பின்னும் விலகிவிடுகிறது.

"அண்ணன் எப்படி எடுத்தாக?"

யோசித்தேன். அவர் சொட்டு எடுத்த நாட்களிலெல்லாம் எனக்கு வியர்த்தது ஏன் என்று. ஃபேனை அவர் அமத்தவில்லை. கரண்ட் இல்லாத நாளாகப் பார்த்து எடுத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் பூராவும் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்குத் தெருவிலே ஒரு மிசின் ஓடாது. மனுசன் அதை ஒரு நாளும் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு விசிறியை வீசிக்கொண்டு மின்சாரக்காரர்களைத் திட்டியிருக்கிறேன்.

இந்த மாதம் வருகிற செவ்வாய்க்கிழமை நிறுத்தம் என்று பேப்பரில் போட்டிருக்கிறது.

ஜூலை 23

ராஜகனி வயிற்றுவலி என்று லீவு சொன்னாள். நல்ல பொய். எங்கள் வீட்டில் பொய்க்குக் குறைவில்லை.

கரண்ட் போனதும் தெருவே மூச்சை நிறுத்தின மாதிரி ஆனது. காக்காய்ச் சத்தம் கேட்டது. சிவகாசியில் காக்கா இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. அறை இருட்டாக இருந்ததால் எங்களுக்குப் பின்னால் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தோம். டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

சக்கரத்தை உருட்டினேன். சொட்டு இறங்கி, வயிறு தள்ளி, முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராஜகனி என் பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றாள். அழுத்தினேன். இன்னொரு சொட்டு. இன்னொன்று. எத்தனை எடுத்தேன் என்று தெரியாது. ஒன்றில் எல்லாம் வந்துவிட்டது. சொட்டின் வளைவு, வேலின் முனை, முருகன் சிரிப்பு எல்லாம். தலைகீழாக.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் பிரிண்ட் போட்டேன். மேஜையில் வைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் சோர்ந்து உட்கார்ந்தேன். ராஜகனி காபியோடு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"சாமி நேராத்தானே இருக்காரு."

அவள் பக்கம் போய் நின்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தார். சொட்டுதான் இப்போது கீழே தொங்காமல், காம்பின் மேல் மொட்டு நிற்பது போல நின்றது. கோபுரத்துக் கலசம் மாதிரியும் இருந்தது. சாமியைத் திருப்ப வேண்டாம். தண்ணீரைத் திருப்பினால் போதும். தண்ணீருக்குக் கோபம் வராது.

"காபி குடிக்க உட்கார்ந்த எடத்துல கண்டுபிடிச்சிட்ட" என்றேன்.

"நான் எப்பவும் உங்களுக்கு எதிர்ப்பக்கம்தான மதினி" என்றாள்.

ஜூலை 25

அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.  நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அண்ணாச்சி படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பார்த்தார்.  "பய சாதிச்சிட்டான்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு மேஜையில் இருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தார். அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற கண்ணாடி. அதைப் படத்தின் மேல் வைத்துக் கண்ணைக் கொடுத்தார். அங்கங்கே நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா ஜெயக்கொடி. இது யாரு?"

குனிந்து பார்த்தேன். முருகனின் முழங்காலுக்குப் பக்கத்தில், சொட்டின் பளபளப்பில், வெள்ளையாக ஒரு கதவு. எங்கள் கொல்லைக் கதவு. அதன் முன்னால் கருப்பாக இரண்டு உருவம். ஒன்று இடுப்பில் கை வைத்திருக்கிறது. இன்னொன்று கேமரா மேல் குனிந்திருக்கிறது. சொட்டுக்குப் பின்னால் இருப்பதைச் சொட்டு கவிழ்த்துக் காட்டியது. முன்னால் நின்ற எங்களை முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி நேராகவே காட்டியிருக்கிறது. படத்தைத் திருப்பியதும் முருகன் நேராகிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகிறோம்.

"இடுப்புல கை வச்சிருக்கிறது ராஜகனி. சம்பளம் கேக்க வர்றப்ப இப்படித்தான் நிப்பா" என்றார் அண்ணாச்சி. "மத்தது நீ. ரெண்டு பேரும் ஏதும் நேந்துக்கிட்டீகளா, இப்படித் தொங்குறதா?"

நான் சிரிக்கப் பார்த்தேன்.

"கேமராவுல நீ நிக்கிற. பக்கத்துல தங்கச்சி நிக்கிறா." அவர் கண்ணாடியில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "பாண்டி எங்கம்மா?"

அறைக்கு வெளியே மிசின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பதில் சொல்லலாம் என்று தேடினேன். சாயா குடிக்கப் போனார் என்று சொல்லலாம். அறைக்குள் இருந்தார், படத்தில் விழவில்லை என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அவுக இல்ல அண்ணாச்சி" என்றேன்.

இத்தனை நாளில் நான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் வந்து என்னிடம் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். போயிட்டாக என்று சொல்லியிருக்கிறேன். போனவர் வருவார். இல்லை என்று இன்றைக்குத்தான் சொன்னேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை.

அண்ணாச்சி எழுந்து கதவை அகலத் திறந்துவிட்டார். மிசின் சத்தம் உள்ளே வந்து நிறைந்தது. "நல்லா அழு. இந்தச் சத்தத்துல எனக்கே கேக்காது" என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கணக்குப்பிள்ளையோடு ஏதோ பேசினார்.

திரும்பி வந்தபோது தண்ணீர் கொண்டுவந்தார். "அவன் பேர இதுல போட முடியாதும்மா. கேலண்டர்ல ஆயிரம் தப்பு வரலாம். எடுத்தவன் பேரு தப்பா வரக்கூடாது."

"அப்ப பேரே வேண்டாம் அண்ணாச்சி. பக்கம் மட்டும் இருக்கட்டும். அவுக ஆசைப்பட்ட படம்."

"வேண்டாம்னு எப்படிச் சொல்ல? எடுத்தது நீ." பேனாவை எடுத்தார். "ஓட்டு அட்டையில உன் பேரு எப்படி இருக்கு?"

சொன்னேன்.

படத்துக்குக் கீழே எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். படம்: ஜெயக்கொடி பால்பாண்டி.

"இதுல எந்தப் பொய்யும் இல்லையே?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

ஜூலை 27

ராஜகனியிடம் அந்த இரண்டு உருவத்தைக் காட்டினேன். தன் உருவத்தைக் கம்ப்யூட்டரில் அழிக்கச் சொல்லி ஒரே அடம். தலை சீவாமல் நின்றாளாம். "தலைகீழாத் தொங்குறப்ப சீவினதும் சீவாததும் ஒண்ணுதான்" என்றேன். கடைசியில், அண்ணாச்சி அழிக்கட்டுமா என்று ஆள் விட்டுக் கேட்டபோது, வேண்டாம் என்று அவளே சொல்லி அனுப்பினாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க மட்டும் ஒத்தையில தொங்குவீகளா" என்றாள்.

ஆகஸ்ட் 3. ஆடிப் பதினெட்டு

காலையில் தெருவில் பெண்கள் எல்லோரும் தாலிக்கயிறு மாற்றி, மஞ்சள் பூசி, சித்திரான்னத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வெங்காயம் உரித்தேன். பூஜைக்குப் போவதாக இல்லை. நல்ல காரியம் தொடங்குகிற இடம். என்னைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணாச்சி அனுப்பியது. 'படம் எடுத்தவுக வராம ஆல்பத்தப் பிரிக்கமாட்டேன்' என்று சொல்லிவிட்டாராம். ராஜகனி என் சேலையை எடுத்துக்கொண்டு நின்றாள். "அங்க ஏஜெண்டுமாரு வெயில்ல நிக்கிறாங்களாம் மதினி. உங்களால அவுகளுக்கு மயக்கம் வந்தா பாவம்" என்றாள். போனோம்.

சூடம் காட்டி, ஆல்பத்தைப் பிரித்தார்கள். லட்சுமி, பிள்ளையார், கன்னம் உப்பின குழந்தைகள். ஒவ்வொரு பக்கமாகப் போயிற்று. சொட்டுப் பக்கம் வந்ததும் நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.  ஏஜெண்டுகளோடு வந்த ஒருவர், கம்பம் ஊருக்குப் பக்கத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறவராம், வெள்ளை வேட்டி, அவர் ஆல்பத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"படம் அம்சமா இருக்கு. எனக்கு இதத்தான் போடணும்" என்றார். "ஆனா இங்க முழங்காலுகிட்ட ரெண்டு புள்ளி இருக்கே. கருப்பா. வண்டு ஏதும் விழுந்திருச்சா? அத எடுத்துருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி தூண் பக்கம் திரும்பிப் பார்த்தார்.  அவர் கண்ணாடியை எடுத்து அந்த ஆளிடம் நீட்டினார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எடுக்கணுமான்னு."

அவர் கண்ணாடியை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. கண்ணாடியை எடுத்துவிட்டுக் கை கூப்பினார்.

"அட, ரெண்டு பொம்பளைங்க, தண்ணியில நிழல் விழுந்த மாதிரி. வள்ளி தெய்வானையல்லவா. எடுக்காதீங்க, எடுக்காதீங்க."

ராஜகனி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆடிப் பதினெட்டும் அதுவுமாக, புருசனைப் பறிகொடுத்து மூன்று மாதம் ஆகாத ஒருத்தி, அத்தனை பேர் நடுவில், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். யாராவது பார்த்து என்ன நினைத்தார்களோ. நினைக்கட்டும்.

ஆட்டோவில் திரும்பும்போது ராஜகனி கேட்டாள். "ரெண்டு பேர்ல யாரு மதினி வள்ளி?"

"இடுப்புல கை வச்சு வம்புக்கு நிக்கிறவதான்" என்றேன்.

"அப்ப நீங்க தேவராசன் மகளா? முறைப்படி கட்டிக்கொடுத்த பொண்ணுன்னு பெருமைதான்."

"சும்மா கெட. டிரைவர் சிரிக்காரு."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்தேன்.